எட்வர்ட் மரோ ஒலிவாங்கிக்கு முன் நிற்கப் பழகிய இடம்

சென்ற தவணை முடிவில் ஒரு தந்தை என்னைச் சந்திக்கப் பாடசாலைக்கு வந்தார். அவருடைய மகள் உயர்தரம் முதலாம் வருடத்தில் படிக்கிறாள். எங்கள் பாடசாலை ஊடகக் கழகத்தின் செயலாளரும் அவள்தான். காலைக்கூட்டத்தில் செய்தி வாசிப்பாள், இல்ல விளையாட்டுப் போட்டியில் அறிவிப்புச் செய்வாள், சுவர்ப் பத்திரிகைக்கு மற்றப் பிள்ளைகளின் பின்னால் திரிந்து ஆக்கங்கள் சேர்ப்பாள். வந்தவர் மிக மரியாதையாகவே பேசினார். மகளைக் கழகத்திலிருந்து விலக்கிவிடும்படி கேட்டார். ரியூஷன் வகுப்புக்கே நேரம் போதவில்லை, மைக்கைப் பிடித்து வாழ்க்கையில் என்ன கிடைக்கப்போகிறது என்பது அவருடைய கேள்வி. யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன்.

அவர் போன பிறகுதான் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. 2019 ஏப்ரலுக்குப் பிந்திய மாதங்களில், தொலைக்காட்சியைத் திறந்தாலே நமது சமூகத்தைப் பற்றிய சந்தேகம்தான் ஓடிக்கொண்டிருந்த நாட்களில், பள்ளிவாசல் விறாந்தையில் இதே மனிதர் வேதனைப்பட்டதை நான் கேட்டிருக்கிறேன். நமது பக்கத்தை எடுத்துச் சொல்ல அந்த நிலையங்களில் நம்மவர் நாலு பேர் இல்லையே என்பதுதான் அன்று அவருடைய கவலை. அந்த நாலு பேர் எங்கிருந்து வருவார்கள் என்பதை அன்று நானும் யோசிக்கவில்லை.

அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலை யோசித்தபோது எட்வர்ட் ஆர். மரோ என்ற அமெரிக்கரின் வாழ்க்கைதான் நினைவுக்கு வந்தது. ஒலிபரப்புச் செய்தித்துறையில் உலகம் இன்றும் முதலில் உச்சரிக்கும் பெயர்களில் ஒன்று அது. அவர் இறந்து அறுபது வருடங்களுக்கு மேலாகிவிட்டது. பத்திரிகை அலுவலகம் ஒன்றில் நிருபராக வேலை பழகாமலேயே உலகின் மிகப் பெரிய செய்தியாளர்களில் ஒருவரானவர். அப்படியானால் அவர் எங்கே பழகினார் என்பதுதான் என் போன்ற ஆசிரியர்கள் கேட்க வேண்டிய கேள்வி.

1908 ஏப்ரல் 25ஆம் திகதி வட கரோலினா மாநிலத்தில் கிரீன்ஸ்பரோ நகருக்கு அண்மையில் ஓர் ஏழை விவசாயக் குடும்பத்தில் அவர் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் எக்பேர்ட். மூன்று ஆண் பிள்ளைகளில் கடைசி. குவேக்கர் எனப்படும் எளிமையான கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பம். வேதத்தை வீட்டில் சத்தமாக வாசிப்பது அவர்களின் வழக்கம். தாய் எதெல் கண்டிப்பானவர், பழைய பாணியில் அழகாகப் பேசுபவர். மரோவின் பிற்கால வசனங்களில் ஒரு பழமையான கம்பீரம் தெரியும் என்பார்கள். அது அந்தத் தாயின் வாயிலிருந்து வந்தது என்றே அவரைப் பற்றி எழுதியவர்கள் பலரும் சொல்கிறார்கள். பிள்ளை சிறுவனாக இருக்கும்போதே குடும்பம் நாட்டின் மறு கோடியான வொஷிங்டன் மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தது. அங்கே தந்தை மரம் ஏற்றும் ரயிலின் சாரதியானார். மகனும் விடுமுறைக் காலங்களில் மரம் வெட்டும் முகாம்களில் வேலை செய்தார். பாடசாலையில் விவாத அணியில் இருந்தார், மாணவத் தலைவராக இருந்தார், பாடசாலை பஸ்ஸையும் அவரே ஓட்டினார். கல்லூரிக்குப் போகப் பணம் இல்லாததால் பாடசாலை முடிந்ததும் ஒரு வருடம் காட்டில் வேலை செய்து சேமித்தார்.

1926இல் புல்மன் என்ற சிற்றூரிலுள்ள வொஷிங்டன் அரச கல்லூரியில் சேர்ந்தார். பெரிய பெயர் பெற்ற கல்லூரி அல்ல. கோதுமை வயல்களுக்கு நடுவே விவசாயமும் பொறியியலும் கற்பித்துக்கொண்டிருந்த மாகாணக் கல்லூரி என்றே அன்று அதைப் பலரும் நினைத்தார்கள். அங்கே விடுதியொன்றில் கோப்பை கழுவிச் செலவைச் சமாளித்தார். எக்பேர்ட் என்ற பெயர் பிடிக்காமல் எட்வர்ட் என்று மாற்றிக்கொண்டதும் அந்த வருடங்களில்தான். முதலில் எடுத்த பாடம் வணிக நிர்வாகம். பிறகு அதை விட்டுவிட்டுப் பேச்சுக்கலைக்கு மாறினார்.

பெற்றோர் யாராவது இதைக் கேட்டால் தலையில் கை வைப்பார்கள். வணிகத்தை விட்டுவிட்டுப் பேச்சுக்கலையா? ஆனால் அவரை மாற்றியது ஒரு பாடத்தின் பெயர் அல்ல. அந்தப் பாடத்தைக் கற்பித்த ஒரு பெண்மணி.

ஐடா லூ அண்டர்சன். மரோவைவிட எட்டு வயதுதான் மூத்தவர். சிறு வயதில் போலியோ தாக்கியதில் முதுகு வளைந்து, உருவம் குறுகி, வாழ்நாள் முழுவதும் உடல் வேதனையோடு வாழ்ந்தவர். அதே கல்லூரியில் மாணவியாகப் படித்து அங்கேயே ஆசிரியையானார். ஒரு கவிதையையோ நாடகப் பகுதியையோ அவர் வாசிக்கத் தொடங்கினால் வகுப்பில் யாரும் அசையமாட்டார்களாம். மரோவிடம் இருப்பதை அவர் முதல் வருடங்களிலேயே கண்டுகொண்டார். வகுப்பு நேரத்துக்கு வெளியேயும் அவரை இருத்திப் பயிற்சி கொடுத்தார். சொல்லைத் தெளிவாக உச்சரிப்பது மட்டுமல்ல அந்தப் பயிற்சி. எந்தச் சொல்லில் நிற்க வேண்டும், எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், ஒரு வசனத்தை விளங்கிக்கொள்ளாமல் வாசித்தால் கேட்பவனுக்கு அது எப்படி உடனே தெரிந்துவிடும் என்பதெல்லாம் அதில் இருந்தன. தனக்குப் பிரியமான ரோமச் சக்கரவர்த்தி மார்க்கஸ் அவுரேலியஸின் சிந்தனைகளை மாணவருக்கும் அறிமுகப்படுத்தினார். உடல் அவரை விட்டுப்போய்க்கொண்டிருக்க, தனக்குத் தெரிந்ததையெல்லாம் இந்த ஓர் இளைஞனுக்குள் இறக்கிவைத்தார்.

இங்கே என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லிக்கொள்கிறேன். நான் ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்ற காலத்தில் எங்கள் தமிழ் விரிவுரையாளர் ஒருவர் எங்களை மண்டபத்தின் ஒரு கோடியில் நிறுத்தி, மறு கோடியிலுள்ள சுவருக்குப் பத்திரிகை வாசிக்கச் சொல்வார். சுவருக்குக் கேட்டால்தான் பிள்ளைக்குக் கேட்கும் என்பது அவருடைய கணக்கு. நாங்கள் சிரித்தோம். இருபது வருடமாக ஒரு வகுப்புக்கு நாற்பது பிள்ளைகளோடு நிற்கிறேன், இன்னும் தொண்டை கட்டவில்லை. மரோவின் பெயரை நான் முதலில் கேட்டதும் அவரிடம்தான்.

புல்மன் கல்லூரிக்குச் சொந்தமாக ஒரு வானொலி நிலையம் 1922 முதல் இயங்கியது. அமெரிக்காவில் வானொலி ஒலிபரப்பை ஒரு பாடமாகக் கற்பித்த ஆரம்பகாலக் கல்லூரிகளில் அதுவும் ஒன்று. மரோ அந்தப் பாடத்தையும் படித்தார். அவருடைய வெற்றிக்கு அதுவே காரணம் என்று சிலர் எளிதாக எழுதிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வானொலிப் பாடத்தைப் படித்தவர்கள் அவரோடு இன்னும் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். அவர் செய்த மற்ற வேலைகளையும் பார்க்க வேண்டும். நாடகங்களில் முக்கிய பாத்திரங்களில் நடித்தார். விவாதங்களில் பேசினார். கல்லூரியின் கடேற் படையில் மாணவர் பெறக்கூடிய மிக உயர்ந்த பதவிக்கு வந்தார். மாணவர் ஒன்றியத்தின் தலைவராகத் தெரிவானார். கோப்பை கழுவிக்கொண்டுதான் இவ்வளவும்.

மாணவர் ஒன்றியம்தான் அவரை அந்தச் சிற்றூரிலிருந்து வெளியே கொண்டுவந்தது. 1929 டிசெம்பர் இறுதியில், அமெரிக்க மாணவர் ஒன்றியங்களின் தேசிய சம்மேளனம் கலிபோர்னியாவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் கூடியது. மரோ தன் கல்லூரியின் பிரதிநிதியாகப் போனார். கல்லூரி மாணவர்கள் விளையாட்டிலும் விருந்துகளிலும் மூழ்கிக் கிடக்காமல் நாட்டு விவகாரங்களையும் உலக விவகாரங்களையும் கவனிக்க வேண்டும் என்று பேசினார். பெரிய பல்கலைக்கழகங்களின் பிரதிநிதிகள் நிறைந்த அந்த மண்டபம், யாரும் கேள்விப்படாத ஒரு கல்லூரியின் மரம் வெட்டிய இளைஞனைத் தேசியத் தலைவராகத் தெரிவுசெய்தது. ஐடா லூவின் வகுப்பு அன்று அவருக்குக் கைகொடுத்தது.

1930இல் பட்டம் பெற்று நியூயோர்க்குக்குப் போய்ச் சம்மேளனத்தின் அலுவலகத்தைப் பொறுப்பேற்றார். சம்பளம் இல்லை, செலவுக்கு வாரம் 25 டொலர். பொருளாதார மந்தம் நாட்டைப் போட்டு வாட்டிய காலம் அது. அந்த வேலையில் அவர் செய்த ஒரு காரியத்தை நான் ஒவ்வொரு வருடமும் என் வகுப்பில் சொல்வதுண்டு.

அந்த வருட இறுதியில் சம்மேளனத்தின் மாநாடு அட்லாண்டா நகரில் நடக்கவிருந்தது. அமெரிக்காவின் தென்பகுதி நகரம். கறுப்பினத்தவர் வெள்ளையரோடு ஒரே மேசையில் அமர்ந்து உண்ண முடியாத இடம். சம்மேளனத்திலோ கறுப்பினக் கல்லூரிகளின் பிரதிநிதிகளும் இருந்தார்கள். மரோ பெரிய போராட்டம் எதுவும் அறிவிக்கவில்லை. வருகின்ற பிரதிநிதிகள் அனைவருக்கும் இடமளிக்க வேண்டும் என்று ஹோட்டலோடு செய்த ஒப்பந்தத்தில் எழுதவைத்துக்கொண்டார். விருந்து நாளில் பரிசாரகர்கள் கறுப்பின மாணவர்களுக்குப் பரிமாறத் தயாராக இல்லை. அதற்கும் முன்கூட்டியே ஏற்பாடு இருந்தது. பக்கத்தில் அமர்ந்திருந்த வெள்ளையின மாணவர்கள் தங்களுக்கு வைக்கப்பட்ட தட்டுகளை அவர்கள் பக்கம் நகர்த்திக் கொடுத்தார்கள். சத்தமில்லாமல் அந்த விருந்து நடந்து முடிந்தது. அப்போது மரோவுக்கு வயது 22.

ஒரு நிகழ்ச்சிக்கு ஹோட்டல் பிடிப்பது, ஒப்பந்தம் எழுதுவது, யார் பக்கத்தில் யாரை அமர்த்துவது என்று திட்டமிடுவது எல்லாம் சாதாரண மாணவர் ஒன்றிய வேலைகள். நமது பிள்ளைகள் மீலாத் விழாவுக்கும் ஒளிவிழாவுக்கும் கதிரை அடுக்கும்போதும், அதிபரிடம் கையெழுத்துக்கு நிற்கும்போதும், பேச்சாளர் வராமல் போனால் அடுத்து என்ன என்று ஓடும்போதும் செய்வது இதைத்தான். ஒலிபரப்பில் திரைக்குப் பின்னால் நடப்பதும் பெரும்பாலும் இதுவே. ஆளைக் கண்டுபிடிப்பது, சம்மதிக்கவைப்பது, குறித்த நிமிடத்தில் ஒலிவாங்கிக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்துவது. சம்மேளனத்தின் பெயரில் சிபிஎஸ் வானொலியில் நடந்த உரைத் தொடருக்கு மரோ பேச்சாளர்களை ஒழுங்கு செய்ததும் இந்தக் காலத்தில்தான். அவர் வானொலிக்குள் போன வாசல் அதுதான்.

1932இல் சர்வதேசக் கல்வி நிறுவனத்தின் உதவிப் பணிப்பாளரானார். அடுத்த வருடம் ஜேர்மனியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். யூதர்கள் என்பதற்காகவும், ஆட்சிக்கு எதிரானவர்கள் என்பதற்காகவும் பேராசிரியர்கள் கூட்டம் கூட்டமாகப் பல்கலைக்கழகங்களிலிருந்து துரத்தப்பட்டார்கள். அவர்களுக்கு அமெரிக்காவில் இடம் தேடிக் கொடுக்க ஒரு அவசரக் குழு அமைந்தது. அதன் உதவிச் செயலாளராக அன்றாட வேலைகளைச் சுமந்தவர் 25 வயது மரோ. அந்தக் குழு இயங்கிய காலம் முழுவதிலும் முந்நூறுக்கும் மேற்பட்ட அறிஞர்களுக்கு உதவி கிடைத்தது. அவர்களின் கடிதங்களை நாளாந்தம் வாசித்தவருக்கு, ஐரோப்பாவில் என்ன வரப்போகிறது என்பது அமெரிக்கப் பத்திரிகையாளர் பலருக்கும் முன்பே தெரிந்திருக்கும்.

1935இல் சிபிஎஸ் அவரை உரைகளுக்கான பணிப்பாளராக எடுத்தது. இந்த இடத்தில் அவருடைய ஒரு குறையையும் சொல்லித்தான் ஆக வேண்டும். வேலைக்கு விண்ணப்பித்தபோது அவர் தன் வயதைக் கூட்டி எழுதினார். படித்த பாடத்தையும் மாற்றினார். பேச்சுக்கலை என்று போடுவதற்கு வெட்கப்பட்டு, அரசியலும் சர்வதேச உறவுகளும் படித்ததாகக் காட்டிக்கொண்டார். பின்னாளில் உண்மைக்காகப் பெயர் வாங்கிய மனிதர் இப்படிச் செய்திருக்கக் கூடாது. எனக்கு அதைவிட வேடிக்கையாகப் படுவது வேறொன்று. எந்தப் பாடத்தை அவர் காகிதத்தில் மறைத்தாரோ அதுதான் அவரை மரோவாக்கியது. சான்றிதழில் எது கனமாகத் தெரியும் என்பதிலேயே நமது கண்ணும் இருக்கிறது. அவருடைய கண்ணும் அப்படித்தான் இருந்திருக்கிறது.

1937இல் ஐரோப்பியப் பிரதிநிதியாக லண்டனுக்கு அனுப்பப்பட்டார். அப்போதும் அவர் செய்தியாளர் அல்ல. பேச்சாளர்களையும் இசை நிகழ்ச்சிகளையும் ஒழுங்கு செய்வதே வேலை. லண்டனிலிருந்த அமெரிக்கச் செய்தியாளர் சங்கத்தில் சேர விண்ணப்பித்தபோது, நீர் நிருபர் இல்லையே என்று மறுத்துவிட்டார்கள். பிறகு யுத்தம் முடிவதற்குள் அதே சங்கத்தின் தலைவராகவும் வந்தார் என்பது தனிக்கதை.

1938 மார்ச் மாதம் ஹிட்லரின் படைகள் ஒஸ்திரியாவுக்குள் நுழைந்தன. மரோ அப்போது ஒரு நிகழ்ச்சி ஏற்பாட்டுக்காகப் போலந்தில் இருந்தார். சக ஊழியரான வில்லியம் ஷைரர் வியன்னாவில் இருந்தும் அங்கிருந்து பேச முடியவில்லை. ஷைரரை லண்டனுக்குப் பறக்கச் சொல்லிவிட்டு, மரோ பேர்லினுக்கு வந்து ஒரு முழுப் பயணிகள் விமானத்தையே வாடகைக்கு அமர்த்தி, தனி ஒருவராக வியன்னாவில் போய் இறங்கினார். மார்ச் 13ஆம் திகதி லண்டன், பாரிஸ், பேர்லின், வியன்னா என்று பல நகரங்களிலிருந்து செய்தியாளர்கள் ஒருவர் பின் ஒருவராக ஒரே நிகழ்ச்சியில் பேசினார்கள். இன்று தொலைக்காட்சியில் நாம் சாதாரணமாகப் பார்க்கும் அந்த வடிவத்தை மரோவும் ஷைரரும் சில மணித்தியாலங்களுக்குள் தொலைபேசியிலேயே ஒழுங்கு செய்து முடித்தார்கள். அட்லாண்டா மாநாட்டை ஒழுங்கு செய்த அதே கைதான் இது. செய்தியாளராக மரோவின் குரலை உலகம் கேட்டது அன்றுதான்.

1940இல் லண்டன் மீது குண்டுகள் விழத் தொடங்கின. ஓகஸ்ட் மாத இரவொன்றில் டிரஃபல்கர் சதுக்கத்தில் நின்று ஒலிபரப்பியபோது, மரோ ஒலிவாங்கியை நடைபாதையருகே தாழ்த்திப் பிடித்தார். பாதுகாப்பிடத்துக்குப் போகும் மக்களின் காலடிச் சத்தம் அமெரிக்க வீடுகளுக்குள் கேட்டது. யாரும் ஓடவில்லை, நிதானமாக நடந்தார்கள். அந்த மக்களின் மனநிலையைச் சொல்ல அதற்கு மேல் ஒரு சொல்லும் தேவைப்படவில்லை. பிறகு கூரைகளின் மேல் நின்று, வெடிச்சத்தங்களுக்கு நடுவே கண்ணால் கண்டதை மட்டும் சொன்னார். நாடகமேடை பழகியவர் என்பதால் குரலை உயர்த்திப் பயமுறுத்தத் தெரியாதவர் அல்ல. ஆனால் உயர்த்தவில்லை. எப்போது நடிக்கக் கூடாது என்பதும் மேடையில் நின்றவனுக்குத்தான் தெரியும் போலும்.

இந்த ஒலிபரப்புகளை அமெரிக்காவில் இருந்தும் ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார். ஐடா லூவுக்கு அப்போது பார்வையும் மங்கிவிட்டது. மரோ ஒவ்வொரு நாளும் லண்டனின் பெயரைச் சொல்லித் தொடங்கும் அந்தச் சிறிய ஆரம்ப வசனத்தைக் கேட்டவர், முதல் சொல்லுக்குப் பிறகு சற்று நிறுத்தும்படி எழுதி அனுப்பினார். மரோ நிறுத்தினார். மூன்றே சொற்கள் கொண்ட வசனம். முதல் சொல்லுக்குப் பின் வந்த அந்த ஒரு நொடி மௌனம்தான் வானொலி வரலாற்றில் மிகப் பிரபலமான இடைவெளி.

தன் கீழ் செய்தியாளர்களைச் சேர்க்கும்போது மரோ பார்த்த தகுதியும் கவனிக்கத்தக்கது. குரல் நன்றாக இல்லை என்று தலைமையகம் முறைப்பட்டாலும் அவர் பொருட்படுத்தவில்லை. சிந்திக்கவும் எழுதவும் தெரிந்த இளைஞர்களையே தேடினார். எரிக் செவரெய்ட் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் மாணவர் பத்திரிகையில் எழுதி வளர்ந்தவர். கட்டாய இராணுவப் பயிற்சிக்கு எதிராக அங்கே போராடியவர். ஹோவர்ட் கே. ஸ்மித் ஒக்ஸ்போர்டில் தொழிற்கட்சி மாணவர் கழகத்தின் தலைவராக இருந்தவர். மரோவோ கடேற் படையில் விருப்பத்தோடு அணிவகுத்தவர். அவர்களுடைய கொள்கைகள் ஒன்றல்ல. ஆனால் எல்லோருமே கல்லூரியில் வெறும் புத்தகத்தோடு இருந்துவிட்டு வந்தவர்கள் அல்ல.

யுத்த காலத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குண்டுவீச்சுப் பறப்புகளில் அவர் கூடவே சென்றார். 1945 ஏப்ரலில் புகென்வால்ட் வதைமுகாமுக்குள் நுழைந்து கண்டதைச் சொன்னார். எத்தனையோ பேரை ஜேர்மனியிலிருந்து வெளியே எடுக்க ஒரு காலத்தில் கடிதம் எழுதியவருக்கு, எடுக்க முடியாமல் போனவர்களின் முடிவு எதிரே கிடந்தது. அந்த ஒலிபரப்பில் அவருடைய குரலில் அடக்கிய கோபம் தெரியும்.

நமது வாசகர்கள் கட்டாயம் அறிய வேண்டிய பகுதி இதற்குப் பிறகுதான் வருகிறது. 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவைக் கொம்யூனிஸ்ட் பயம் பிடித்து ஆட்டியது. செனட்டர் ஜோசப் மெக்கார்த்தி ஆதாரம் காட்டாமலே ஆட்களின் மீது குற்றம் சாட்டினார். சந்தேகப்படுவதே தீர்ப்பாகிவிட்ட காலம். மிச்சிகன் மாநிலத்தில் மைலோ ரடுலோவிச் என்ற இளம் விமானப்படை அதிகாரி பதவியிலிருந்து நீக்கப்படவிருந்தார். அவர் மீது எந்தக் குற்றமும் இல்லை. தகப்பன் வாசித்த பத்திரிகையும், சகோதரியின் அரசியல் கருத்துகளும்தான் காரணம். உறவுக்காரரின் பெயரால் ஒருவரைச் சந்தேகிப்பது என்றால் என்னவென்று நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

மரோவும் அவருடைய தயாரிப்பாளர் பிரெட் பிரென்ட்லியும் 1953 ஒக்டோபர் 20ஆம் திகதி அந்த அதிகாரியின் கதையைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். நிலையம் விளம்பரம் செய்ய முன்வராததால் தங்கள் சொந்தப் பணத்தில் பத்திரிகை விளம்பரம் போட்டார்கள். சுமார் ஐந்து வாரங்களில் விமானப்படை தன் முடிவை மாற்றிக்கொண்டது. அடுத்து 1954 மார்ச் 9ஆம் திகதி மெக்கார்த்தியையே எடுத்தார்கள். நிகழ்ச்சியின் பெரும் பகுதி மெக்கார்த்தியின் சொந்தப் பேச்சுக் காட்சிகள்தான். அவருடைய வாயாலேயே அவரைக் காட்டிவிட்டு, கடைசியில் மரோ நிதானமாகச் சில நிமிடங்கள் பேசினார்.

மெக்கார்த்தி பதிலளிக்க வந்தபோது எதைக் கிளறினார் தெரியுமா? மரோவின் இளமைக்கால வேலையை. சர்வதேசக் கல்வி நிறுவனம் 1930களில் மொஸ்கோவில் அமெரிக்க மாணவருக்காகக் கோடைகால வகுப்புகளை ஒழுங்கு செய்ததை வைத்து, மரோவையே ரஷ்யாவின் ஆள் என்று காட்டப் பார்த்தார். மரோ அந்த வேலையை மறைக்கவில்லை, அதற்காக மன்னிப்புக் கேட்கவும் இல்லை. வேலைக்காகப் பாடத்தின் பெயரை மாற்றி எழுதிய அந்த இளைஞன் எங்கோ வழியில் மாறிவிட்டிருந்தான்.

மெக்கார்த்தியை வீழ்த்தியவர் மரோ ஒருவரே என்று சிலர் எழுதுவது மிகை. பத்திரிகைகளில் பலர் முன்பே துணிந்து எழுதியிருந்தார்கள். இராணுவத்தோடு மெக்கார்த்தி மோதிய விசாரணையும் தொலைக்காட்சியில் போனது. 1954 டிசெம்பரில் செனட் சபையே அவரைக் கண்டித்தது. ஆனால் வீடுகளில் பயந்து வாய்மூடி இருந்தவர்களுக்கு, நிதானமான ஒரு குரல் வெளிப்படையாகப் பேசியதைக் கேட்டது எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்திருக்கும் என்பதை என்னால் ஊகிக்க முடிகிறது. 2019இல் நானும் அப்படி ஒரு குரலைத் தேடி இரவுகளில் அலைவரிசை மாற்றிக்கொண்டிருந்தவன்தான்.

அவருடைய நிகழ்ச்சி 1958இல் நிறுத்தப்பட்டது. அதே வருடம் சிக்காகோவில் ஒலிபரப்புச் செய்திப் பணிப்பாளர்கள் முன் பேசியபோது, தொலைக்காட்சி பொழுதுபோக்கிலும் பணத்திலும் மூழ்குவதைக் கடுமையாகக் கண்டித்தார். முதலாளிகளுக்கு அது பிடிக்கவில்லை. 1961இல் ஜனாதிபதி கென்னடியின் அழைப்பில் அரச தகவல் நிறுவனத்தின் பணிப்பாளரானார். புகைத்தல் அவரை விடவில்லை. கையில் சிகரெட் இல்லாத அவருடைய படத்தைக் காண்பதே அரிது. 1955இல் புகைத்தலுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைத் தன் நிகழ்ச்சியிலேயே காட்டியவர், அதே நோயில் 1965 ஏப்ரல் 27ஆம் திகதி இறந்தார். 57 வயது நிறைந்து இரண்டு நாட்கள்தான் ஆகியிருந்தன. புல்மன் பல்கலைக்கழகத்தின் தொடர்பாடல் கல்லூரிக்கு இன்று அவருடைய பெயர்தான்.

ஐடா லூ இதில் பெரும்பாலானவற்றைக் காணவில்லை. அவர் 1941இலேயே இறந்துவிட்டார். யுத்தம் எப்படி முடிந்தது என்பதோ, தன் மாணவன் ஒரு செனட்டருக்கு முன்னால் எப்படி நின்றான் என்பதோ அவருக்குத் தெரியாது. பார்வை மங்கிய ஓர் ஆசிரியை, எங்கோ தொலைவில் குண்டுகள் விழும் நகரத்திலிருந்து வரும் குரலைக் கேட்டுக்கொண்டு, இந்தச் சொல்லுக்குப் பிறகு கொஞ்சம் நிறுத்து மகனே என்று மனதுக்குள் திருத்திக்கொண்டிருந்த காட்சியை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன்.

அந்தத் தந்தைக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. மகளைக் கழகத்திலிருந்து விலக்கவும் இல்லை. அவளோடு பேசி, கூட்டங்களை வாரத்தில் ஒரு நாளுக்குக் குறைத்து, ரியூஷன் இல்லாத புதன்கிழமைக்கு மாற்றியிருக்கிறேன். தவணைப் பரீட்சையில் அவளுடைய புள்ளிகள் குறையவில்லை என்பதையும் பார்த்து வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் பெற்றோர் கூட்டம் இருக்கிறது. வரவேற்புரையை அவளே நிகழ்த்தப் பெயர் கொடுத்திருக்கிறேன். வாப்பாவை முன்வரிசையில் அமர்த்துவதாக ஏற்பாடு.